அவள் போகும்வரை

ஸ்கார்ன்விக்,
14 ஏப்ரல் 1961

அன்புள்ள கிளிஃபர்ட்,

நீயும் மார்ஜரியும் குழந்தைகளும் சுகம் என்று நம்புகிறேன். ‘அன்புள்ள’ என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்தால் காகிதம் அசிங்கமாகும் என்பதால் விட்டுவைக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஐடாவின் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் சமையலறையில் உட்கார்ந்து ஏன் எழுதவில்லை என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

நேற்று மாலை ரயிலில் வந்து இறங்கினேன். நல்ல மழை. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் துணி போர்த்திய கிளிக்கூண்டு. என் வீட்டு வாசலில் நின்று என் சாவியைப் போட்டால் அது திரும்பவில்லை. துரு ஏறியிருக்கும் என்று நினைத்துப் பெட்டியையும் கூண்டையும் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முறுக்கினேன். ஐடா தலையில் பழைய பேப்பரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“ஹெட்டி, விடு. பூட்டையே மாத்தியாச்சு. உன் ஆர்தரோட பையன் ஆளைக் கூட்டிட்டு வந்து மாத்திட்டுப் போனான். உன்கிட்ட சொல்லலையா?”

“எதுக்கு மாத்தணும்?”

“வீட்டை விக்கப் போறானாம். தோட்டத்துல பலகை நட்டிருக்கே, பாக்கலையா நீ?”

பார்த்தேன். ‘விற்பனைக்கு’ என்று நீல எழுத்து. நான் வைத்த ரோஜாவின் வேரை வெட்டிக்கொண்டு நட்டிருக்கிறார்கள். ஜன்னல் வழியாக உள்ளேயும் பார்த்தேன். திரைச்சீலை ஒன்றுகூட இல்லை. என் நாற்காலியை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறது, கடை மூடிய ஓட்டல் மாதிரி.

என் தங்கை பெஸ்ஸி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள், அவளைப் பார்த்துக்கொள்ள மோர்கம்புக்குப் போகிறேன் என்று உனக்கு எழுதிவிட்டுத்தான் போனேன். கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகளுக்குக் கையுறை பின்னி அனுப்பினேனே, அந்தப் பொட்டலத்தின்மேல் முகவரி இருந்தது. எழுத மனமிருந்தால் எழுதியிருக்கலாம்.

இது உன் அப்பா என்னைக் கைப்பிடித்துக் கூட்டிவந்த வீடு. அவர் கண் மூடும்வரை நான் அவரைப் பார்த்துக்கொண்ட வீடு. புதுச் சாவியை அடுத்த தபாலிலேயே அனுப்பி வை.

பலகையைப் பிடுங்கி ஐடாவின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஹெட்டி கார்பட்
(உன் அப்பாவின் மனைவி, மறந்திருந்தால்)


லீட்ஸ்,
18 ஏப்ரல் 1961

அன்புள்ள ஹெட்டி,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெஸ்ஸி நடமாடத் தொடங்கியிருப்பார் என்று நம்புகிறேன். கோபத்தில் நீங்கள் எழுதியதற்கு நான் கோபமில்லாமல் பதில் எழுதப் பார்க்கிறேன்.

அப்பாவின் உயிலை நாம் இருவரும் ஒன்றாகத்தான் படித்தோம். வக்கீல் வைத்து எழுதாமல், கடையில் அச்சிட்ட தாளை வாங்கி அவரே நிரப்பியது. அதில் இருப்பது இவ்வளவுதான்: ‘என் மனைவி ஹெட்டி போகும்வரை வீடு அவளிடம் இருக்கட்டும். அதன்பின் என் மகன் கிளிஃபர்டுக்கு.’

போவது என்றால் போவது. ஒரு வாசலைத் தாண்டி வெளியேறி இன்னொரு ஊரில் போய் இருப்பது. நீங்கள் அக்டோபரில் போனீர்கள். குளிர்காலம் முழுக்க வரவில்லை. கிளியையும் கொண்டுபோனீர்கள். திரும்பி வருகிற எண்ணமுள்ளவர் கிளியை ஐடாவிடம் விட்டுவிட்டுப் போவார். கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையில் நீங்களே எழுதினீர்கள்: ‘இங்கே கடற்காற்று எனக்கு ஒத்துக்கொள்கிறது, பெஸ்ஸி இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள்.’ அதை நான் எப்படிப் படிக்க வேண்டும்?

ஜனவரியில் குழாய் வெடித்து மாடியிலிருந்து கூடம்வரை தண்ணீர் இறங்கியது உங்களுக்குத் தெரியாது. ஐடா தந்தி அடித்து, நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, குளிரில் மண்டியிட்டுத் தரையைத் துடைத்தேன். அந்த நேரத்தில் அது யாருடைய வீடு என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. திரைச்சீலைகள் பூசணம் பிடித்துவிட்டதால் மார்ஜரி துவைக்க எடுத்து வந்தாள். உங்கள் சாமான்கள் பின்கட்டில் பத்திரமாக இருக்கின்றன.

நீங்கள் போய்விட்டீர்கள், ஹெட்டி. அதில் தவறில்லை. ஆனால் போன பிறகு போகவில்லை என்று சொல்ல முடியாது.

உண்மையுள்ள,
கிளிஃபர்ட் ஏ. கார்பட்


மேல்குறித்த வீட்டுக்கு உள்ளிருந்து,
ஸ்கார்ன்விக்,
21 ஏப்ரல் 1961

திரு. கிளிஃபர்ட் ஏ. கார்பட் அவர்களுக்கு,

முகவரியைக் கவனித்தாயா? உள்ளேதான் இருக்கிறேன். கரி கொண்டுவருகிறவன் பின்பக்க ஜன்னலைத் தூக்கிப் பிடித்தான். ஐடா என்னைப் பின்னாலிருந்து தள்ளினாள். அறுபத்தாறு வயதில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்து என் வீட்டுக்குள் வந்தேன்.

“அம்மா, உங்களுக்கு அடிபட்டுதா?” என்று கேட்டான் அவன்.

“மானத்துக்குத்தான் பட்டுச்சு. கரியை உள்ள போடு” என்றேன்.

அதற்கு முன் வக்கீல் அவுத்வெயிட்டிடம் போனேன். உயிலின் நகலை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்துவிட்டு அந்த மனுஷர் பெருமூச்சு விட்டார். “சின்னஞ்சிறு சொல்லு, மிஸஸ் கார்பட். ஆனா அகராதியில அதுக்கு அர்த்தம் பக்கம் பக்கமா இருக்கு. நீதிபதி எந்தப் பக்கமும் சாயலாம். ஆர்தர் பேச்சுல அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு காட்ட ஏதாவது சாட்சி இருக்கா?”

“அவர் பேசினதே கொஞ்சம். சாட்சி வெச்சுக்கிட்டா பேசினாரு?” என்றேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீ எனக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தாயே, நானும் சொல்கிறேன். நம் இங்கிலீஷில் எதுதான் போகாமல் இருக்கிறது? கடிகாரம் ஓடினால் அது போகிறது. நின்றால் அது போய்விட்டது. பள்ளிக்கூட மணி அடித்தால் மணி போயிற்று. பால் திரிந்தால் பால் போயிற்று. சீட்டாட்டத்தில் என் முறை வந்தால் அதைக்கூட என் போக்கு என்கிறோம். மார்ஜரியின் தொப்பி அவள் கோட்டோடு சேர்ந்து போகவே போகாது என்று நான் எப்போதும் சொல்லிவந்திருக்கிறேன். தொப்பி வாசலைத் தாண்டாது என்றா அதற்கு அர்த்தம்? ஐடாவின் முழங்கால் போய்விட்டது. அது எந்த ரயிலேறி மோர்கம்புக்குப் போனது?

உன் அப்பா என்னைப் பற்றி எழுதினார், ஒரு விருந்தாளியைப் பற்றி எழுதவில்லை. ஒரு மனுஷன் சாகப்போகிற நேரத்தில் உட்கார்ந்து, மனைவி தங்கை வீட்டுக்குப் போனால் அவளைத் தெருவில் விடு என்றா எழுதுவான்?

குழாய் வெடித்தது எனக்குத் தெரியாது. தரையைத் துடைத்ததற்கு நன்றி. அதற்காக வீட்டைத் தர முடியாது.

இப்போது நான் வெளியே போவதில்லை. பால்காரன் ஜன்னலில் கொடுக்கிறான். ரொட்டி ஐடா வாங்கித் தருகிறாள். வாசற்படியில் கால் வைத்தால், ஹெட்டி போய்விட்டாள் என்று நீ அடுத்த ரயிலில் ஓடிவந்துவிடுவாய் அல்லவா?

இப்படிக்கு,
போகாத,
ஹெட்டி கார்பட்


லீட்ஸ்,
25 ஏப்ரல் 1961

ஹெட்டிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் சண்டை போட வரவில்லை. பேசத்தான் வந்தேன். நீங்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தீர்கள், கதவைத் திறக்கவில்லை. தபால் போடும் துவாரத்துக்குக் குனிந்து, தெருவில் சர்ச்சிலிருந்து திரும்புகிறவர்கள் எல்லாரும் பார்க்க, என் சொந்த வீட்டு வாசலில் நான் பேசினேன்.

“ஹெட்டி, கதவைத் திறங்க. உக்காந்து பேசுவோம்.”

“அங்கேயே உக்காரு. காது கேக்குது.”

“எனக்கும் இந்த வீட்டுல உரிமை இருக்கு.”

“நான் செத்ததுக்கு அப்புறம் இருக்கு. அதுவரைக்கும் பொறுமையா இரு. உங்கப்பா மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். உனக்கு என்ன தெரியும்?”

திருடன் என்று சொன்னீர்கள். அதை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை விட முடியவில்லை. ரயிலில் வரும்போதும் வந்த பிறகும் அதுவேதான். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

எனக்கு ஏழு வயது. அம்மாவை ஹல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரயிலில்தான் போனாள். பச்சைக் கோட்டு போட்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை அப்பா வேலைத் தொப்பியைக் கழற்றாமல் சமையலறையில் வந்து நின்றார்.

“உங்கம்மா போயிட்டாடா, கிளிஃப்” என்றார்.

அதில் புதிதாக என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அவள் போனது எனக்குத் தெரியும். வழியனுப்பியவனே நான்தான். “எப்ப வருவா?” என்று கேட்டேன். அவர் திரும்பிக்கொண்டு தேநீர்க் கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

அதன்பின் நான் தினமும் பள்ளி விட்டதும் நேரே ஸ்டேஷனுக்குப் போவேன். எந்த ரயில் என்று அவர் சொல்லாததால் எல்லா ரயிலையும் பார்த்தேன். அவருக்கு அந்த ஸ்டேஷனில் கைகாட்டி இறக்கும் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். பிளாட்ஃபாரத்தின் முனையில், படிமேல், கண்ணாடிக் கூண்டு. நான் காத்திருந்த ஒவ்வொரு ரயிலையும் உள்ளே விட்டவர் அவர்தான். ரயில் வரும்போது நான் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பதையும், கதவெல்லாம் மூடிய பிறகு மறுபடி உட்காருவதையும் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக அவர் முகம் எனக்குத் தெரியும். குளிர் கடுமையானபோது போர்ட்டரிடம் கம்பளிக் கழுத்துத்துணி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். “அப்பா கட்டிக்கச் சொன்னாரு” என்றார் போர்ட்டர். துணியைக் கொடுத்தனுப்பத் தெரிந்தது. இறங்கி வரத் தெரியவில்லை.

கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்தான் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. “உங்கம்மாவைத்தான் பொதைச்சாச்சே, இன்னும் ஏன் ஸ்டேஷன்ல உக்காந்திருக்க?” என்று கேட்டாள்.

அந்தச் சொல்லால் அப்பா என்ன சொல்ல வந்தார் என்று எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். அவர் அதைக் கையில் திணித்துவிட்டு, அர்த்தத்தை நாமே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று திரும்பி நின்றுகொள்வார். எனக்கு அப்படிச் செய்தார். வீட்டு விஷயத்தில் நம் இருவருக்கும் அதையே செய்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு நான் அவர் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். போனவர் போனவர்தான்.

நீதிமன்றத்தில் பார்க்கலாம்.

கிளிஃபர்ட்


ஸ்கார்ன்விக்,
28 ஏப்ரல் 1961

அன்புள்ள கிளிஃபர்ட்,

‘அன்புள்ள’ என்று இந்தத் தடவை தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்கப் போவதில்லை. ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. வக்கீல் கேட்ட சாட்சியை நீயே உன் கையால் எழுதிக் கொடுத்திருந்தாய். ஆர்தர் வாயில் போவது என்றால் சாவது. வேறு என்ன வேண்டும் எனக்கு? கோட்டை மாட்டிக்கொண்டேன், தொப்பியை வைத்துக்கொண்டேன், கடிதத்தைக் கைப்பைக்குள் போட்டு வாசல் கதவைத் திறந்தேன். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்றுகூட வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். தோட்டக் கதவுவரை போனேன். அங்கிருந்து பார்த்தால் ஸ்டேஷன் தெரியுமல்லவா? பிளாட்ஃபாரமும் தெரிகிறது. இத்தனை வருஷம் பார்த்த பிளாட்ஃபாரம்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உன் கடிதத்தை இதனுடன் திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. வக்கீலிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ வழக்குப் போடுவதானால் போடு. என்னிடம் வாய் இருக்கிறது, ஐடா இருக்கிறாள், கரிக்காரன் வந்து சாட்சி சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். அதை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறேன். ஏழு வயதுப் பையனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி எனக்கு ஒரு வீடு வேண்டாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் சொன்னதில்லை. பூனை செத்தால் ‘போயிடுச்சு’ என்பார், அடுத்த தெருவில் கிழவர் யாராவது செத்தால் ‘போயிட்டாராம்’ என்பார். செத்தது என்று சொல்லவே வாய் வராது. எவ்வளவு மென்மையான மனுஷன் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன், பெஸ்ஸியிடம்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மென்மையாம். நேற்று அவர் போட்டோவின் முன்னால் நின்று திட்டித் தீர்த்துவிட்டேன்.

“ஏன்யா, அந்தப் படி எறங்கி வர உனக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? ஒரு ரயிலு லேட்டானா ஊரு முழுகிப் போயிருக்குமா? புள்ள எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கிறான், நீ பாத்துக்கிட்டே நிக்கிறியே?”

ஐடா சுவரைத் தட்டினாள். “யாருகிட்டடி கத்துற?”

“செத்துப்போனவன்கிட்ட.”

“அவன் உயிரோட இருந்தப்பவே பதில் சொல்லமாட்டான்” என்றாள்.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது அவருக்காக வாதாடுவதல்ல. எனக்கு இன்னும் அவர்மேல் ஆத்திரம்தான். வருஷத்துக்கு ஒருமுறை அவர் ஹல்லுக்குப் போய் உன் அம்மாவின் கல்லறையில் நின்றுவிட்டு வருவார். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். கல்லில் ‘நோரா, உறங்குகிறாள்’ என்று வெட்டியிருக்கிறது. கல்லில்கூட அவருக்கு வாய் வரவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம், “கிளிஃப் எம்மேல கோவமா இருக்கானா?” என்று கேட்டார். “என்ன கோவம்?” என்றேன். “ஒண்ணுமில்ல” என்றார். நானும் இன்னொரு முறை கேட்கவில்லை.

இன்று காலையில் நானே கடைக்குப் போய் ரொட்டி வாங்கினேன். கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போனேன், சாவி என்னிடம் ஏது? நீ வந்து பூட்டியிருந்தால் பூட்டியிருப்பாய். ஜன்னலில் ஏறி ஒளிந்துகொண்டு வாழ எனக்கு அலுத்துவிட்டது.

மார்ஜரி என் திரைச்சீலைகளைத் திருப்பித் தர வேண்டும். அதில் மாற்றமில்லை.

உன்,
ஹெட்டி


லீட்ஸ்,
4 மே 1961

அன்புள்ள ஹெட்டி,

உறைக்குள் சாவி இருக்கிறது. காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன், கீழே விழாமல் பிரியுங்கள். சாவியோடு கையெழுத்துப் போட்ட பத்திரம் ஒன்றும் இருக்கிறது. அவுத்வெயிட்டிடம் கொடுத்து வையுங்கள்.

அதை இங்கே ஒரு வக்கீலிடம் எழுதச் சொன்னேன். ‘ஹெட்டி கார்பட் சாகும்வரை இந்த வீட்டில் இருப்பார். எந்த ஊருக்குப் போனாலும், எவ்வளவு காலம் தங்கினாலும், வீடு அவருடையது’ என்று நான் சொன்னதும் அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டார்.

“‘வாழ்நாள் முழுவதும்’னு போட்டுரலாமே. கொஞ்சம் நாசூக்கா இருக்கும்.”

“நாசூக்கு வேண்டாம். சாகும்வரைன்னே போடுங்க.”

“படிக்கிற அம்மாவுக்கு வருத்தமா இருக்காதா?”

“அந்த அம்மாவை உங்களுக்குத் தெரியாது” என்றேன். டைப் அடிக்கிற பெண் நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

மார்ஜரி என்னோடு பேசுவதில்லை. கோடைக்குக் குழந்தைகளோடு கடற்கரையில் இருக்க ஒரு வீடு என்று அவள் கனவு கண்டுவைத்திருந்தாள். அவள்மேலும் தப்பில்லை, அந்தக் கனவைக் கொடுத்தவன் நான். திரைச்சீலைகளைத் தனிப் பொட்டலமாக அனுப்புகிறாள். துவைத்ததில் சுருங்கிவிட்டன. ஜன்னலுக்கு எட்டாது. தயவுசெய்து அவளுக்கு அதைப் பற்றி எழுதாதீர்கள், எனக்கு எழுதுங்கள்.

நீங்கள் திருப்பி அனுப்பிய கடிதத்தை வைத்துக்கொண்டு நிறைய யோசித்தேன். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போயிருந்தால் நான் தோற்றிருப்பேன். எழுதும்போது அது எனக்குத் தெரியவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெரிந்திருக்கும். அப்படியும் உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்ததோ என்னவோ. மார்ஜரியிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போது சொன்னேன். அதற்கு மட்டும் பேசினாள்.

கோபம் இருக்கிறதா என்று அவர் உங்களிடம் கேட்டாரே, அதை என்னிடம் கேட்டிருந்தால் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். இப்போதும் இருக்கிறது. நீங்களும் அவரைத் திட்டினீர்கள் என்று படித்தபோது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்குத் துணையாக ஓர் ஆள் கிடைத்தது போல இருந்தது.

ஹல்லில் அந்த இடம் எனக்குத் தெரியாது. அவர் என்னைக் கூட்டிப்போகவில்லை. பெரியவனான பிறகு நானாகப் போகவும் மனம் வரவில்லை. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். வாசலிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். நீங்களும் வருவதானால் இன்னும் நல்லது. கல்வெட்டுகிற ஆளையும் விசாரித்திருக்கிறேன். ‘உறங்குகிறாள்’ என்ற அந்த ஒரு சொல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு வேறு வெட்ட முடியும் என்கிறான். “என்ன போடணும், சார்?” என்று கேட்டான். எழுதி அனுப்புகிறேன் என்று வந்துவிட்டேன்.

என் அம்மா நோரா செத்துப்போனாள். ஹல் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

இதை எழுதிப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

அன்புடன்,
கிளிஃப்